பழைய டி.வி.யைக் கழிவு செய்த குறிப்பு

ஜூலை 18, வெள்ளி

வீட்டில் இருந்த நாற்பது அங்குல டி.வி. நேற்று முற்பகல் பதினொன்றேகால் மணியளவில் பழுதாகிவிட்டது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஈரத்துணியால் துடைத்ததால் இருக்கலாம். பெங்களூரிலிருந்து மகள் மைதிலி வழக்கம்போல மாலையில் பேசியபோது, "அம்மா தண்ணித் துணியால தொடச்சுட்டா" என்று தெரிவித்தேன். வசந்தா அப்போது அருகில்தான் இருந்தாள்.

இன்று காலை 6.40 பஸ்ஸில் வசந்தா பழனிக்கு, அவள் அக்கா ராஜாமணி வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "தயிரு பிரிட்ஜுல இருக்குது" என்றாள். கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லை.

புதிய டி.வி. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். உச்சவரம்பு முப்பதாயிரம். பொருள் வாங்கும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்து, போன மே மாதம் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மேசை, நாற்காலி, மின்விசிறி, ஜீப்புக்கு டயர் எல்லாம் என் கையெழுத்தில் வந்தவை. ஒரு டி.வி. பெரிய காரியம் அல்ல. அவள் திரும்பி வரும்போது சுவரில் இருக்கும்.

ஜூலை 19, சனி

பழுது பார்க்கும் ரஹமத் வந்தார். டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டி.வி.யைப் பார்த்தார்.

"பேனல் போயிருச்சுங்க. மாத்தறதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்."

"ஈரத்துணியில தொடச்சதுல ஆயிருக்கும்" என்றேன்.

"அதுக்கு இப்பிடி ஆகாதுங்களே. நடுவுல வட்டமாப் பட்டிருக்குது பாருங்க. சொம்போட அடியாட்டம்."

ரஹமத் தேவைக்கு மேல் பேசுகிறவர். நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

எதிர்வீட்டு துளசிமணி வந்து, "அக்கா ஊருக்குப் போயிட்டாங்களாண்ணா?" என்று கேட்டது. வசந்தா சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுப்பவள். துளசிமணியின் சேலை ஒன்று அவளிடம் இருக்கிறதாம்.

"ஆடிக்குப் போயிருக்கா" என்றேன். என்ன மாதம் என்று நினைவு வந்ததும் வாயில் அதுவே வந்துவிட்டது.

"ஆடிக்கா? அக்காவா?"

"ஆமா."

ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது புதுப்பெண்களைத்தான் என்பது எனக்கும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகிறது. வசந்தாவுக்குத் தாய்வீடு என்று இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்குவது முறையல்ல.

"அப்ப நீங்களும் போயி விருந்து சாப்புட்டுட்டுச் சீரு வாங்கிட்டு வரோணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "அய்யோ, டி.வி.க்கு என்னாச்சுங்?" என்றது. மைதிலியிடம் சொன்னதையே சொன்னேன். இரண்டு பேரிடம் ஒரே தகவல் இருப்பது நல்லது.

ஜூலை 22, செவ்வாய்

குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு வைப்பது கடினம். எப்படி வைத்தாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது.

விதிப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். பழனி ரோட்டில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு அருகில் ஒன்று, தளி ரோட்டில் ஒன்று என மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எல்லாக் கடையிலும் ஆடித் தள்ளுபடி. ஆகஸ்டு 16 கடைசி நாள்.

டி.வி. இருந்த சுவரில் நான் ஒட்டிய கால அட்டவணை அப்படியே இருக்கிறது. ஜூன் இரண்டாம் தேதி தயாரித்தது. காலை 7 முதல் 9 வரை செய்தி. 11 முதல் 1 வரை விவாதம். 2 முதல் 3.30 வரை வசந்தா. மாலை 6 முதல் 10 வரை செய்தியும் விவாதமும். அடியில் 'பார்வையிட்டேன்' என்று அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டிருக்கிறாள்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காக்கைக்குச் சோறு வைத்தேன். வரவில்லை. குக்கர் சோற்றைப் பற்றி அதற்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடும்.

பிறகு பழனி ரோடு கடைக்குப் போனேன். நாற்பது டி.வி. ஓடுகிறது. எல்லாவற்றிலும் கிளி. கிளி பறந்து போனால் வெட்டிய மாதுளம்பழம். மாதுளம்பழம் போனால் மறுபடியும் கிளி. ஷர்மிளா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் கூடவே வந்து விளக்கிச் சொன்னாள்.

"சாதாரணச் செய்தி சானல் போட்டுக் காட்டும்மா" என்றேன்.

"இதுலதாங்க சார் கலர் நல்லாத் தெரியும்."

"என் வீட்டுல கிளி வராது. செய்திதான் வரும்."

மேலாளரைக் கேட்டுவிட்டு வந்து போட்டாள். கிளியைக் காட்டிய டி.வி.க்களில் பாதி, கீழே ஓடும் எழுத்தைக் காட்டும்போது தடுமாறின. உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஒன்பது அடி இருக்கும் என்றேன். அப்படியானால் ஐம்பது அங்குலம் பார்க்கலாம் என்றாள். ஐம்பதில் கொரியாக் கம்பெனி உச்சவரம்பைத் தாண்டுகிறது. சீனாக் கம்பெனி உள்ளே வருகிறது. சுவரில் மாட்ட இலவசம், ஆனால் மாட்டும் சட்டத்துக்குத் தனியாகக் காசு. இதை அவர்களாகச் சொல்வதில்லை, கேட்டால் சொல்கிறார்கள்.

ஜூலை 26, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

பழனிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ராஜாமணி அக்காதான் எடுத்தது. மூன்று முறையும் வசந்தா குளித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே நாளில் மூன்று முறை குளிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை.

நாலாவதாக என் சகலையே கூப்பிட்டார். ராஜாமணி அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு ஆறு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். "சென்னியப்பா, வேலைக்குப் போயிட்டிருந்தவன் வீட்டுல உக்காந்தா கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பின்னேரம் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டுத் தரையில் வைத்தேன். நேராக நிற்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒப்பீட்டுப் பட்டியல் தயார். மூன்று கடை, ஏழு டி.வி., பதினொரு கட்டம். அளவு, திரையின் தெளிவு, ஒலி, உத்தரவாதம், சட்டத்தின் விலை, பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்பது வரை இருக்கிறது. பரிந்துரை: பஸ் ஸ்டாண்டு கடையில் சீனாக் கம்பெனியின் ஐம்பது அங்குலம், ரூ. 29,490.

இவ்வளவு நல்ல பட்டியலை ஆபீசில்கூட நான் போட்டதில்லை. படம் எடுத்து வசந்தாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். 'தங்கள் ஒப்புதலுக்கு' என்று கீழே எழுதினேன். இரண்டு நீலக் கோடும் வந்துவிட்டன.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

துளசிமணி வீட்டிலிருந்து சித்ரான்னம் நாலு வகை வந்தது. புளிச்சாதம் நன்றாக இருந்தது.

மதியம் வசந்தாவிடமிருந்து குரல் செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன். "ஏனுங்க, பட்டியலு பாத்தனுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா பழசைக் கழிச்சதுக்குக் குறிப்பு வைக்கலியே. பழசு எப்பிடிப் போச்சுன்னு எழுதாமப் புதுசு வாங்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

வேறொன்றும் இல்லை. ஒலி தெளிவாக இல்லாததால் நான்கு முறை கேட்டேன். பதினாறு நாளைக்குப் பிறகு அவள் குரல்.

அவள் சொல்வது சரி. ஒரு பொருளைக் கழிவு செய்யாமல் அதற்குப் பதில் இன்னொன்று வாங்க முடியாது. கழிவு செய்ய வேண்டுமானால் எப்படிச் சேதமானது, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முப்பத்தொரு வருடம் இரவுச் சாப்பாட்டின்போது ஆபீஸ் கதை சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

குறிப்பு அனுப்பினேன்: "17.07 அன்று முற்பகல் 11.15 மணியளவில், சொம்பு கை தவறி டி.வி.யின் மீது பட்டதில் திரை சேதமடைந்தது."

அரை மணியில் பதில் வந்தது: "நீங்க எங்க இருந்தீங்க? டி.வி. எங்க இருந்துச்சு?"

டேப் வைத்து அளந்தேன். ஒன்பது அடி நான்கு அங்குலம். கை தவறிய சொம்பு அவ்வளவு தூரம் போகாது. பதில் அனுப்பவில்லை.

ஆகஸ்டு 7, வியாழன்

மைதிலி பேசினாள். "அம்மா இன்னும் வரலியாப்பா? எம் மேல கோவமா இருக்காங்களோ என்னமோ."

"உம் மேல என்ன கோவம்?"

"அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்ப்பா. 'ஒரு சாமானை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா உங்களுக்கு, அப்பா ரிட்டயர் ஆன நேரத்துல இப்பிடிச் செலவு வைக்கிறீங்களே'ன்னு. அம்மா ஒண்ணுமே சொல்லலை. 'சரி சாமி'ன்னு வச்சுட்டாங்க."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்தேன். பால்காரர் காலையிலேயே வந்து போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைப் பச்சையாகவே எழுதுகிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுத முடிகிறது, அதுவும் வெட்கம்தான்.

ஆகஸ்டு 9, சனி

துளசிமணி சேலைக்காக மறுபடியும் வந்தது. மூட்டையைப் பிரித்துத் தேடிக் கொடுத்தேன். எந்த டி.வி. வாங்கப் போகிறேன் என்று கேட்டது. ஐம்பது அங்குலம் என்றேன்.

"அக்காவுக்கு எதுக்குண்ணா அத்தாம் பெருசு? அவங்க எங்க பாக்கறாங்க?"

"பின்ன?"

"காதுலதான கேப்பாங்க. கண்ணு சேலையில இருக்கும். நாங்க நாலு பேரு பாத்துட்டு, இப்ப அவ திரும்பிப் பாக்கறாக்கா, இப்ப கதவத் தெறக்கறான் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்போம். அக்கா ஊசி போட்டுக்கிட்டே சிரிப்பாங்க. பதினோரு மணி ஆச்சுன்னா எங்களுக்கு வேற சோலியே ஓடாது."

"இப்ப ஏன் வர்றதில்லை?"

துளசிமணி அட்டவணையைப் பார்த்தது. "நீங்க வீட்டுல இருக்கறீங்களேண்ணா" என்றது. குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னது.

எத்தனை வருடமாக என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம் இருக்கும் என்றது. பன்னிரண்டு வருடமாக என் வீட்டுக் கூடத்தில் தினமும் நாலு பெண்கள் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

ஆகஸ்டு 10, ஞாயிறு

நடந்ததை எழுதுகிறேன்.

ஜூலை 17 முற்பகல் பதினொரு மணி. நான் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஊசி நூலுடன் வந்து உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்துத் தன் சீரியலை வைத்தாள். இது என் நேரம் என்று அட்டவணையைக் காட்டினேன். அவள் அட்டவணையைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சத்தம் போடாமல், "நீங்க ஆபீசுக்குப் போயிட்டிருந்தப்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

பக்கத்தில் சொம்பு இருந்தது. எடுத்து எறிந்தேன்.

அவள் மேல் எறியவில்லை. டி.வி. மேல்தான் எறிந்தேன். ஆனால் எறிந்தபோது அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான், மாலையில், மைதிலியிடம் அப்படிச் சொன்னேன்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கும் என்று அப்போதே தோன்றியது. அதனால்தான் கோபம் வந்தது. ஆபீசிலும் நான் இல்லாதது நல்லதாகப் போயிருக்கும், வீட்டிலும் நான் இருப்பது கெடுதலாகப் போயிருக்கும் என்றால் நான் எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை.

அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டு 11, திங்கள்

அட்டவணையைக் கிழித்தேன். சுவரில் பசை போகவில்லை.

பரிந்துரையை மாற்ற வேண்டியிருந்ததால் மறுபடியும் பழனி ரோடு கடைக்குப் போனேன். இந்த முறை ஒலியை மட்டும் சோதிக்க வேண்டும். உச்சவரம்புக்குள் வரும் ஏழு டி.வி.யில் ஒவ்வொன்றாகச் சீரியல் போடச் சொல்லி, முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் டி.வி.யில் மாமியார் தகரத்துக்குள் இருந்து திட்டினாள். இரண்டாவதில் பாட்டுச் சத்தம் பேச்சை அமுக்கிவிட்டது. மூன்றாவதுக்கு முன் நின்றபோது ஷர்மிளா ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"மயக்கமா இருக்குங்களா சார்? வீட்டுல யாருக்காவது போன் பண்ணட்டுங்களா?"

"வீட்டுல யாரும் இல்லை. டி.வி.தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மிச்சம் நாலையும் கேட்டேன். பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஐந்தாவது நன்றாக இருந்தது. பேச்சு பேச்சாக, அழுகை அழுகையாகக் கேட்டது. நாற்பத்து மூன்று அங்குலம், ரூ. 25,990. கொரியாக் கம்பெனி. எழுத்து சுமாராகத்தான் தெரியும். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

வாங்கவில்லை. குறிப்பு நிலுவையில் இருக்கிறது.

ஆகஸ்டு 14, வியாழன்

குறிப்பை எழுதி முடித்தேன். முதலில் மைதிலிக்குப் போன் செய்து, ஒரு விஷயம் படிக்கிறேன் கேள் என்று சொல்லிப் படித்தேன். தாளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

"17.07 அன்று முற்பகல் 11.15 மணிக்கு நான் கோபத்தில் சொம்பை எடுத்து எறிந்ததில் டி.வி. உடைந்தது. வசந்தாமணி துணியால் துடைக்கவில்லை, தொடவும் இல்லை. பொருள் கழிவு செய்யத்தக்கது. முழுப் பொறுப்பும் என்னுடையது. மகளிடம் பொய் சொன்னதும் நானே. இப்படிக்கு, சென்னியப்பன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலை சாமி" என்றேன். தெரியும். அவளிடம் நான் நல்லவனாகவே இருந்துவிட்டேன், அதை விட மனமில்லை.

"அம்மாவை நான் எப்படியெல்லாம் பேசினேன்" என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. போனை வைத்துவிட்டாள். மூன்று முறை திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

குறிப்பை வசந்தாவுக்கும் அனுப்பினேன். மாலை ஐந்து மணிக்கு, "கிடைச்சுது" என்று ஒரு வார்த்தை வந்தது. அது ஒப்புதலா, வெறும் ரசீதா என்று தெரியவில்லை.

ஆகஸ்டு 16, சனி

ஆடி கடைசி நாள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது. ஷர்மிளா போன் செய்து, "சார், இன்னிக்கு விட்டா ரெண்டாயிரம் ஏறிரும்" என்றாள். ஒப்புதல் வராமல் வாங்க முடியாது என்றேன். யார் ஒப்புதல் என்று கேட்டாள். வீட்டில் என்றேன். சிரித்தாள். மைதிலி இன்னும் பேசவில்லை.

ஆகஸ்டு 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

வசந்தா வந்துவிட்டாள். ஒரு மணி பஸ். யாரும் கூட வரவில்லை, சொல்லவும் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் பையுடன் நிற்கிறாள். பையை வாங்கலாமா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். அவளே கொடுத்தாள்.

கூடத்தைப் பார்த்தாள். காலிச் சுவரையும் பசை ஒட்டிய இடத்தையும் பார்த்தாள்.

"இன்னும் வாங்கலீங்களா?"

"ஒப்புதல் வரலை."

சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே பேசினாள். "மைதிலி பேசுச்சு. ரொம்ப அழுதுச்சு. நான் சமாதானம் சொல்லியிருக்கறேன். நாலு நாளைக்கு உங்ககூடப் பேசாது, விட்டுருங்க." கொஞ்சம் கழித்து, "இனி ஒருக்கா கையில எதையாச்சும் எடுத்தீங்கன்னா நான் பழனியோட நிக்க மாட்டேன்" என்றாள். சரி என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

ஆகஸ்டு 18, திங்கள்

கடைக்குப் போனோம். நாற்பத்து மூன்று அங்குலத்தை அவள் ஒரு நிமிடம் கேட்டாள். "நல்லா இருக்குது" என்றாள். ரெண்டாயிரம் ஏறித்தான் இருந்தது. உச்சவரம்புக்குள் வந்ததால் ஆட்சேபம் இல்லை.

ஆகஸ்டு 20, புதன்

காலை பத்து மணிக்கு வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். பதினொன்றுக்குத் துளசிமணியும் இன்னும் மூன்று பேரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். நான் நூலகத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

துளசிமணி பாயில் உட்கார்ந்து டி.வி.யை அண்ணாந்து பார்த்து, "இதையாச்சும் தண்ணித் துணியில தொடைக்காதீங்க்கா" என்றது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

வசந்தா தலை நிமிரவில்லை. மைதிலியிடம் மட்டுமல்ல, தெருவிலும் நான் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. வாசலில் இருந்தேன். இன்னும் ஒரு அடி வைத்தால் தெரு. போயிருக்கலாம்.

"அவ தொடைக்கலீங்க. நாந்தான் சொம்பை எறிஞ்சு ஒடச்சேன்" என்றேன்.

துளசிமணி சிரித்தது. "அண்ணா தமாசு பண்றாரு பாருங்க்கா. அவராவது, எறியறதாவது."

"தமாசில்லீங்க. கோவத்துல எறிஞ்சேன். பழியை அவ மேல போட்டேன். உங்ககிட்டச் சொன்னதும் பொய்."

யாரும் சிரிக்கவில்லை. டி.வி.யில் யாரோ யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள், ஒலி நன்றாகக் கேட்டது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக இந்தத் தெருவில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. படியில் இறங்கினேன்.

"ஏனுங்க" என்றாள் வசந்தா உள்ளிருந்து. நின்றேன்.

"ஒரு மணிக்குச் சாப்பிட வந்துருங்க."

இத்தனை வருடமும் சாப்பாட்டு நேரத்தை அவளுக்குச் சொன்னவன் நான். வருகிறேன் என்றேன்.